நீர்மேல் ஓர் உலா

ஆண்டுக்கொரு முறை சங்கத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஒருநாள் இன்பச் செலவு மேற்கொள்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். யானைக்குகைத் தீவும், கார்லா மலைக்குகையும், அலிபாக் கடற்கரையும் நம் பிள்ளைகளுக்குச் சலித்துப்போயின. ஆதலின் சென்ற சனவரித் திங்களில், மலையும் வேண்டும், நீரும் வேண்டும், ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்று இளையோர் கேட்க, மகாபலேசுவரம் சென்று, அங்கிருந்து கீழிறங்கித் தாபோலாவில் படகேறி வருவது என முடிவாயிற்று. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மாதுங்காவில் புறப்பட்ட பேருந்து, தாராவித் தொண்ணூறடிச் சாலையில் ஒரு கூட்டத்தையும் செம்பூரில் ஒரு கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு பன்வேலைக் கடந்தபோது, புளியோதரை மூட்டைகளின் நறுமணம் வண்டி முழுதும் நிறைந்திருந்தது. அந்த இன்பச் செலவில் நம் உள்ளத்தில் முளைத்த ஒரு வினாவை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். செலவின் சிறப்பைப் பாடுவது அன்று. அதனைப் பிள்ளைகள் எடுத்த நிழற்படங்களே செய்துவிட்டன.

போலாத்பூரில் கோவா நெடுஞ்சாலையை விட்டு விலகியதும் அம்பேனளி மலைச்சாலை தொடங்குகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர். மறுபக்கம் விடிந்தும் விடியாத இருளில் ஆழம் தெரியாத பள்ளம். வளைவுதோறும் ஓட்டுநர் ஒலியெழுப்ப, அவ்வொலி எதிர்மலையில் மோதித் திரும்பியது. பிரதாப்கட் கோட்டையின் கீழே பொழுது புலர்ந்தது. கோட்டையின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கிய மாதுங்கா ஆசிரியர் ஒருவரைத் தேநீர்க் கடை வந்து தடுத்துவிட்டது. மகாபலேசுவரம் ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் இருப்பது. பழைய கோயிலில் கிருஷ்ணை, கொய்னா முதலிய ஐந்து ஆறுகளின் பிறப்பிடம் என்று ஒரு நீர்வாயைக் காட்டுகின்றனர். சாலையோரம் செம்புற்றுப்பழக் கூடைகள் வரிசையாக இருந்தன. ஸ்ட்ராபெரி என்றால்தான் நம் பிள்ளைகளுக்கு விளங்கும். அங்கிருந்து மறுபடியும் ஒருமணி நேரத்திற்கு மேல் வளைந்து வளைந்து இறங்கினால் தாபோலா.

அங்கே நாம் கண்ட காட்சியை எளிதில் மறத்தற்கியலாது. மலைகளுக்கிடையே கைவிரல்களைப்போல் நீண்டு பிரிந்து கிடந்தது சிவசாகர் நீர்நிலை. காற்றில்லாத காலைப்பொழுது, மலையின் நிழல் மலையைவிடத் தெளிவாக நீரில் கிடந்தது. 'சின்னக் காசுமீரம்' என்று பயண நிறுவனத்தார் இதனை அழைக்கின்றனர். "என்ன இயற்கை! என்ன இயற்கை!" என்று நம்முள் ஒருவர் வாய்விட்டுக் கூறினார். அச்சொல்லை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதனிடம் திரும்ப வருவோம்.

விசைப்படகுகள் ஆறேழில் நாம் பகிர்ந்து ஏறினோம். நம் படகை ஓட்டியவர் ஐம்பதை நெருங்கிய மராத்தியர். மும்பையிற் பிறந்த நம் பிள்ளைகள் அவரோடு மராத்தியில் தங்குதடையின்றி உரையாடினர். பெரியோராகிய நாம் அவர்களிடம் பொருள் கேட்டுக் கேட்டு அறிந்தோம். நடு நீருக்கு வந்ததும் அவர் விசையை நிறுத்தினார். "எங்கள் பழைய ஊர் இதற்கு நேர் கீழே இருக்கிறது" என்றார். பாட்டனார் காலத்தில் நெல் விளைந்த நிலமாம். தெய்வத்தை மட்டும் மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டனராம். கோயிற் சுவர் கீழேயே நின்றுவிட்டதாம். கோடையில் நீர் வற்றினால் அடிமரங்கள் தலைகாட்டும் என்றும் சொன்னார்.

செம்பூரிலிருந்து வந்திருந்த திருநெல்வேலி ஆச்சி ஒருவர் இதனைப் பேத்தியின் வாயால் கேட்டறிந்ததும், குனிந்து தம் செருப்பைக் கழற்றிப் படகின் ஓரத்தில் வைத்தார். பிள்ளைகள் சிரித்தனர். "கீழே கோயில் இருக்குதுன்னு சொல்லுதாரே, அதுக்கு மேலே செருப்போட உட்காரலாமா?" என்று அவர் கேட்டபோது சிரிப்பு நின்றது. யாரும் விடை கூறவில்லை. ஆயினும் நம்முள் இருவர் மூவர் ஒருவரையொருவர் பாராமலே தத்தம் காலணிகளைக் கழற்றினோம்.

அந்த வினா செருப்பைப் பற்றியது மட்டுமன்று. ஓர் ஊரை மூடிய நீரின்மேல் நாம் உல்லாசமாகச் செல்வது தகுமா? தகும் எனின் எம்முறையில்? தகாது எனின் நம் வாழ்வில் தகுவதென்று எஞ்சுவது யாது?

முதலில் செய்திகளைச் சொல்லிவிடுவோம். கொய்னா அணை 1960-களின் தொடக்கத்தில் எழுந்தது. 103 மீட்டர் உயரம். இயல்பாக அவ்வாறு தெற்கே ஓடி, பின் கிழக்கே திரும்பி, கராட் என்னும் ஊரில் கிருஷ்ணையோடு கூடி, வங்கக் கடலை நோக்கிச் செல்லும். அணை கட்டியவர்கள் அந்நீரில் பெரும்பகுதியை மலையைக் குடைந்து மேற்கே திருப்பி, 400 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து கொங்கணத்தில் வீழ்த்தி மின்சாரம் எடுத்தனர். சுழலிகளைச் சுழற்றிய நீர் வாசிஷ்டி ஆற்றிற் கலந்து அரபிக் கடலை அடைகிறது. கீழ்க்கடலுக்குரிய நீர் மேற்கடலுக்குச் செல்கிறது. நான்கு கட்டங்களாக வளர்ந்து இன்று 1,960 மெகாவாட் ஆற்றலுடையதாக விளங்கும் இத்திட்டத்தின் முதற் கட்டத்திற்குப் பம்பாய், புனே வட்டாரத்து ஆலைகளே முதன்மையான இலக்காக இருந்தன. நூறை ஒட்டிய ஊர்கள் நீரிலும் திட்டத்திலும் மறைந்தன. மக்களிற் சிலர் சரிவில் மேலேறிக் குடியமர்ந்தனர். பலர் தாணே, ராய்கட், சாங்லி, சோலாப்பூர் என்று சிதறினர். திட்டங்களால் இடம்பெயர்ந்தோருக்கு மறுவாழ்வு தருவதற்கென மகாராட்டிரம் சட்டம் இயற்றியது 1976-இல். அணை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே நீர் நிறைந்து நின்றது. 1967 டிசம்பர் 11 விடியலில் அப்பகுதியை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். பம்பாயிலும் அதிர்ச்சி உணரப்பட்டது. தேக்கிய நீரின் பாரத்தால் எழுந்த நிலநடுக்கம் என்றே அறிவியலார் பலர் அதனை எடுத்துக்காட்டுகின்றனர். மேட்டில் எஞ்சியோருக்கும் அமைதி இல்லை. 1985-இல் காடு வனவிலங்குப் புகலிடமாயிற்று. 2010-இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. மீண்டும் சில ஊர்கள் பெயர்ந்தன.

தமிழர்க்குக் கடல்கோள் புதிய செய்தி அன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. 1964-இல் தனுஷ்கோடியை நம் தலைமுறையே கடலுக்குக் கொடுத்தது. அக்கடல்கோளில் பழிக்கத் தக்கவர் எவரும் இலர், அழுது ஆற்றிக்கொள்ளலாம். கொய்னாவில் நடந்ததோ வேறு. ஒரு மேசையின்மேல் வரைபடத்தை விரித்து, இந்தக் கோடுவரை நீர் வரும் என்று ஒருவர் மைக்கோலால் வரைந்தார். கோட்டுக்கு இப்பால் வாழ்ந்தவனிடம் கருத்துக் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதை நாம் அறியோம். சொல்லியிருந்தாலும் கோடு நகர்ந்திராது என்பதை மட்டும் அறிவோம்.

படகோட்டியின் தந்தையார் நிலம் போனபின் மும்பைக்கு வந்து மசூதிபந்தர்ப் பக்கத்தில் மூட்டை சுமந்தாராம். சாத்தாரா மாவட்டத்து மலையூர்களிலிருந்து வந்து, தலையிலும் முதுகிலும் பாரம் சுமந்து, 'மாத்தாடி' என்னும் பெயரால் அறியப்பட்ட தொழிலாளர்களை நம்முள் மூத்தோர் நன்கறிவர். அவர்களுக்கெனத் தனிச் சட்டமே 1969-இல் வந்தது. அதே ஆண்டுகளில்தான், தென்னாட்டார் வந்து மண்ணின் மைந்தர் பிழைப்பைப் பறித்துவிட்டனர் என்ற முழக்கம் இந்நகரத் தெருக்களில் எழுந்தது. கடைகளின் கதவு உடைந்ததையும், வேட்டி கட்டி வெளியே செல்லத் தந்தையர் அஞ்சியதையும் சொல்லக் கேட்டே நம்மிற் பலர் வளர்ந்தோம். அக்கூட்டத்தில் இப்படகோட்டியின் தந்தையாரும் நின்றிருக்கலாம்; நில்லாதிருந்திருக்கலாம். அவரைக் கேட்கவில்லை. கேட்பது முறையுமன்று. ஆனால் அவர் ஊரை விட்டு அவரை வெளியேற்றியவன் தாராவித் தமிழன் அல்லன் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்வார் அன்று எவரும் இல்லை. அவர் எதனை இழந்து வந்தார் என்பதை நமக்குச் சொல்வாரும் இல்லை. ஒரே துறைமுகத்தில் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கரைக்குத் திரும்பி ஆலமர நிழலில் உணவருந்தும்போது வழக்கு மூண்டது. செம்பூரில் வாழும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், பிறப்பால் தஞ்சை மாவட்டத்தவர், அணைக்காக வாதிட்டார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. மின்சாரம் இன்றி ஆலை இல்லை; ஆலை இன்றி நமக்கு மும்பையில் வேலையே இல்லை. சில ஆயிரம் குடும்பங்கள் துன்புற்றது உண்மை. கோடிக் குடும்பங்கள் ஒளி பெற்றதும் உண்மை. இழந்தோர்க்குச் சரியான ஈடு கொடாதது தவறு, கட்டியது தவறன்று. "மேட்டூரைப் பாருங்கள். சூன் பன்னிரண்டில் மடை திறந்தால் எங்கள் ஊரில் குறுவை நடவு. அந்த அணை இல்லாவிட்டால் என்னைப் படிக்கவைக்க என் தகப்பனாரிடம் பணம் ஏது?" என்றார்.

தாராவியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதுவரை பேசாதிருந்தார். சங்கத்தில் முப்பதாண்டுக்கு மேல் உறுப்பினர். நாடக மேடைக்குப் பந்தல் போடுவதிலிருந்து பொங்கல் பானை கழுவுவதுவரை எல்லாம் செய்பவர். அவர் சொன்னார்: "ஐயா, நான் மேட்டூர்க்காரன். அணைக்குக் கீழே இல்லை, உள்ளே. என் தகப்பனார் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மேட்டுக்கு வந்தோம். அங்கே பிழைப்பு இல்லை. அதனால்தான் தாராவிக்கு வந்து தோல் கிடங்கில் சேர்ந்தார்."

பொறியாளர் கையில் எடுத்த தயிர்ச்சோற்றை இலையிலேயே வைத்தார்.

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் காவிரிக்கரை ஊர்கள் பல மறைந்தன என்பது புதிய செய்தி அன்று. நீர் மிகத் தாழ்ந்த ஆண்டுகளில், பண்ணவாடி அருகே சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்துவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைச் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிடுகின்றன. நாமும் வியந்து பார்த்துத் தாளைப் புரட்டுகிறோம். ஆனால் அந்த நந்தியின் ஊராரும் அந்த நீரால் விளைந்த ஊராரும் ஒரே சங்கத்தில் முப்பதாண்டு அருகருகே அமர்ந்து நாடகம் பார்த்திருக்கின்றனர். ஒருவர் மற்றவருக்குப் பட்டிருக்கும் கடன் இருவருக்கும் தெரியாது. கொய்னாவில் மராத்தியருக்காக இரங்கிக்கொண்டிருந்தோம். கணக்கு நம் பந்தியிலேயே தீராமல் இருந்தது.

இனி நம் கருத்தைச் சொல்லத் துணிகிறோம். பொதுநலம் என்பது பொய் என்று நாம் கூறமாட்டோம். தஞ்சையின் நெல் பொய்யன்று. மும்பையின் விளக்கும் பொய்யன்று. ஆனால் பொதுநலத்தைப் பெறுவோர் பலராயும் முகமற்றோராயும் இருக்க, அதற்கு விலை கொடுப்போர் எப்போதும் பெயரும் ஊரும் உடைய சிலராகவே இருக்கின்றனர். பலருடைய நன்மையைக் கூட்டிச் சிலருடைய இழப்பைக் கழித்தால் மிச்சம் வருகிறது என்று காட்டுவது கணக்கில் பிழையற்றதாக இருக்கலாம். அந்தக் கழித்தலில் வந்தவன் எதிரே அமர்ந்து சோறு உண்ணும்போது அக்கணக்கை உரத்துச் சொல்ல நா எழவில்லை. எழாத அந்தத் தயக்கம் வெறும் மனமெலிவு என்று பொறியாளரும் கருதவில்லை, நாமும் கருதவில்லை. அக்கணக்கு விட்டுவிட்ட ஏதோ ஒன்று அத்தயக்கத்தில் இருக்கிறது.

அப்படியாயின் இத்தகைய இடங்களுக்குச் செல்லாதிருப்பதே அறமோ? இளைஞர் ஒருவர் அவ்வாறே கூறினார். அதனை நாம் ஏற்கவில்லை. நாம் வாராவிட்டால் நீர் வற்றப்போவதில்லை. படகோட்டியின் அன்றைய வரும்படிதான் வற்றும். நிலத்தை இழந்தவனுக்கு அந்நீரே இன்று தொழில். நம் மனம் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக அவன் பட்டினியை நாம் கேட்க முடியுமா? தம் கைகள் கறைபடாதிருப்பதையே பெரிதாக எண்ணுவோர், கறையை எப்போதும் பிறர் கையில் விட்டுவிட்டே செல்கின்றனர். அன்றியும், விலகி நிற்க ஓர் இடம் எங்கே இருக்கிறது? நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது 1892-இல் கட்டிமுடித்த தான்சா ஏரியின் நீர். அதற்குப் பின் வந்த வைதர்ணை, பாட்சா ஆறுகளின் நீர். அவ்வேரிகளைச் சூழ்ந்த ஷகாப்பூர் வட்டத்துப் பழங்குடிச் சிற்றூர்கள் கோடைதோறும் தண்ணீர் வண்டிக்காகக் குடத்தோடு காத்திருப்பதை ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோம். தாபோலாவிற்கு நாம் ஆண்டுக்கு ஒருநாள் சென்றோம். குளியலறைக்கு நாள்தோறும் செல்கிறோம்.

செல்வதில் குற்றமில்லை. 'இயற்கை' என்று நம்முள் ஒருவர் வியந்து கூறினாரே, அந்தச் சொல்லில்தான் குற்றம் இருக்கிறது. அவரை இகழவில்லை, அந்நேரம் நாமும் அதனையே நினைத்தோம். பிறர் கொடுத்ததை, அதுவும் கேளாமல் வாங்கியதை, தானே அமைந்தது என்று எண்ணிவிட்டால் கடன் என்ற எண்ணமே எழ வழியில்லாது போகிறது. மழைக்கு எவரும் ஈடு கொடுப்பதில்லை. சிவசாகரை மலையும் மழையும் போல் ஒன்றாகக் கருதியபின், நூறு ஊர் மக்களின் மறுவாழ்வுக் கோரிக்கை அரை நூற்றாண்டாகத் தீராதிருப்பது நமக்கு எங்கிருந்து உறைக்கும்? நுகர்வோன் முதலிற் செய்யவேண்டியது, தான் நுகர்வது எவரிடமிருந்து வந்தது என்று கேட்டறிந்து, அதனை அதன் பெயரால் அழைப்பது. பெயர் சொல்லி அழைத்த பின்னரே ஈடு பற்றியும் முறை பற்றியும் பேச்சு எழ முடியும். கேட்டறிவதால் இழந்தவனுக்கு என்ன கிடைத்துவிடும் என்று அன்பர்கள் வினவலாம். உடனே ஒன்றும் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அடுத்த வரைபடம் மேசைமேல் விரியும்போது, 'சில குடும்பங்கள்தானே' என்ற சொல் நம் வாயிலிருந்து எளிதில் வாராது.

அடுத்த வரைபடம் தொலைவில் இல்லை. தாராவியில் 2024 முதல் வீடுதோறும் அளவெடுத்து எண் எழுதினர். 2000 சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்த தரைத்தள வீட்டாருக்கு ஒரு விதி. பின்வந்தோருக்கும் மாடியில் வாழ்வோருக்கும் வேறொரு விதி. நகரின் நலனுக்காக என்கின்றனர். இருக்கலாம். தாராவியின் சாக்கடையையும் நெரிசலையும் போற்றிப் பாதுகாக்கவேண்டும் என்று அங்கு வாழாதவர்தாம் சொல்லக்கூடும். ஆயினும் அந்தப் பெரியவர் மேட்டூரிலிருந்து ஒருமுறை பெயர்ந்த குடும்பத்தவர். அவர் வீட்டுச் சுவரில் இப்போது எண் இருக்கிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நாம் அவரிடம் இதுபற்றி ஒருநாளாவது கேட்டதுண்டா? நாளை அங்கே உயர்ந்த கட்டடங்களும் பூங்காவும் அமைந்தால், மாலையில் உலாவச் சென்று, என்ன அழகு என்று நாமும் சொல்லக்கூடும்.

ஊர்விட்டு வந்த நமக்கு ஊர் ஏக்கம் உண்டு. சங்க மலர்களில் அதனைப் பலரும் எழுதியிருக்கிறோம். ஆனால் நம்மிற் பெரும்பாலோர்க்கு விடுமுறையில் தொடர்வண்டியேறினால் ஊர் இருக்கிறது. கிணறும் வேம்பும் மாறியிருந்தாலும் இடம் அங்கேயே இருக்கிறது. படகோட்டிக்கு அது இல்லை. ஊருக்கு நேர் மேலே நாள்தோறும் போகிறார், இறங்க முடியாது.

மாலை நான்கு மணிக்குத் தாபோலாவை விட்டுப் புறப்பட்டோம். வந்தபோது முன்னிருக்கையில் தனியே அமர்ந்து வந்த பொறியாளர், திரும்பும்போது பெரியவர் பக்கத்தில் அமர்ந்தார். அம்பேனளி வளைவுகளில் வண்டி சாய்ந்தபோதெல்லாம் இருவர் தோளும் உரசின. நெடுநேரம் பேச்சில்லை. மகாட்டைக் கடந்த பின்னர் பொறியாளர் கேட்டார்: "ஐயா, அந்த நந்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இரண்டு தடவை. தகப்பனார் பரிசலில் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னார்."

"அடுத்த முறை நீர் இறங்கும்போது என்னையும் அழைத்துப் போங்கள். பார்க்கவேண்டும் என்றிருக்கிறது."

பெரியவர் சற்றே சிரித்தார். "வாங்க, போகலாம். ஆனால் நந்தி தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கினால், அந்த வருஷம் உங்கள் ஊரில் குறுவை இருக்காதே ஐயா."

பொறியாளர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பூரில் இறங்கும்போது மணி பதினொன்றரை. இறங்கியவர் மறுபடியும் படியேறி வந்து, பெரியவரின் தாராவி முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.